நடுவில் நிற்கிற பிள்ளை

கால்பந்தாட்டத்தைப் பற்றி எழுத இவளுக்கு என்ன யோக்கியதை என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டியதுதான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் என்னிடம் யாராவது கேட்டிருந்தால், "இருபத்திரண்டு பேர் ஒரே பந்துக்காக அடித்துக்கொள்வானேன், ஆளுக்கொன்று வாங்கிக் கொடுத்துவிட்டால் வீடு போய்ச் சேர்வார்களே!" என்ற பழைய ஹாஸ்யத்தைத்தான் நானும் சொல்லியிருப்பேன். இன்றைக்கு அப்படியில்லை. சர்வதேசக் கால்பந்துச் சம்மேளனத்தின் 19-வது விதி என்ன சொல்கிறது என்று என்னை நடு ராத்திரியில் எழுப்பிக் கேளுங்கள், மூச்சு விடாமல் சொல்கிறேன். ரசத்துக்கு உப்புப் போட்டேனா இல்லையா என்பது வேண்டுமானால் மறந்து போகும்.

இத்தனை ஞானமும் வந்தது என் நடுப் பிள்ளையால்.

நாங்கள் இருப்பது ஓசூரில். பழைய நாளில் வெள்ளைக்காரர்கள் இந்த ஊர்க் குளிரை அனுபவித்துவிட்டுக் 'குட்டி இங்கிலாந்து' என்று பெயர் வைத்ததாகப் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். அந்தக் குளிரில் பாதி இப்போது இல்லை. 1970-களில் தொழிற்பேட்டை வந்தது. லாரியும் மோட்டார் சைக்கிளும் கைக்கடிகாரமும் இங்கே தயாராகித் தேசமெல்லாம் போகின்றன. ஜூஜூவாடியைத் தாண்டினால் அத்திப்பள்ளி, அதாவது கர்நாடகம். என் மாமியார் பேசுவது தெலுங்கு, நான் பேசுவது தமிழ், பால்காரர் பேசுவது கன்னடம். என் குழந்தைகள் மூன்றிலும் சண்டை போட்டுக்கொள்வார்கள்.

மூத்தவள் பெண், கல்லூரியில் படிக்கிறாள். கடைசிப் பையன் ஏழாவது. நடுவில் இவன். வீட்டில் நடுப் பிள்ளையின் நிலைமை உங்களுக்குத் தெரியாததல்ல. முதல் குழந்தைக்குப் புதுத் துணி, கடைசிக் குழந்தைக்குச் செல்லம், நடுவில் பிறந்ததற்கு 'நீ கொஞ்சம் பொறுத்துக்கோடா' என்கிற சமாதானம். அதனால்தானோ என்னவோ, கால்பந்திலும் இவன் நடுவில்தான் ஆடுகிறான்.

நடுவில் ஆடுவது என்றால் என்னவென்று எனக்குப் புரிந்த மட்டில் சொல்லிவிடுகிறேன். முன்னால் நிற்பவர்கள் கோல் போடுவார்கள்; பேப்பரில் படம் வரும். பின்னால் நிற்பவர்கள் எதிரியின் கோலைத் தடுப்பார்கள். தடுத்தால் கைதட்டல், விட்டுவிட்டால் வசவு. நடுவில் இருப்பவன் இந்த இரண்டு பேருக்கும் வேலைக்காரன். பின்னாலிருந்து பந்தை வாங்கி முன்னால் கொடுக்க வேண்டும்; முன்னால் பறிபோனால் ஓடி வந்து பின்னால் நிற்க வேண்டும். ஆட்டம் முடிந்தபின் அவன் என்ன செய்தான் என்று யாருக்கும் சொல்லத் தெரியாது. அவன் இல்லாவிட்டால் மட்டும் எல்லாருக்கும் தெரியும். (படிக்கிறபோதே உங்களுக்கு யார் ஞாபகம் வருகிறது என்று நான் கேட்கப் போவதில்லை.) இந்தக் காலத்தில் அவனுக்கு 'மிட்ஃபீல்டர்' என்று பெயர். என் அப்பா 'ஹாஃப்பேக்' என்பார்.

என் பிறந்த வீடு பெங்களூர் அல்சூரில். பக்கத்திலேயே கௌதமபுரம். தமிழ்க் குடும்பங்கள் நிறைந்த இடம். புத்தர், அம்பேத்கர், அன்னை தெரசா சிலைகளோடு பிரேசில் நாட்டுப் பீலேக்கும் சிலை வைத்த பேட்டை என்றால் அங்கே கால்பந்துக்கு எவ்வளவு மரியாதை என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். என் அப்பா, அவருடைய அப்பா சொல்லக் கேட்ட கதைகளை எங்களுக்குச் சாப்பாட்டு நேரத்தில் சொல்வார். 1948 ஜூலை 31-ஆம் தேதி லண்டனை அடுத்த இல்ஃபோர்டில் ஒலிம்பிக் ஆட்டம். சுதந்தர இந்தியாவின் அணி, பெரும்பாலோர் வெறுங்காலோடு, பிரான்ஸை எதிர்த்து இறங்கியது. கிடைத்த இரண்டு பெனால்டிகளையும் கோட்டைவிட்டோம். ஆனாலும் ஒரு கோல் போட்டோம். போட்டவர் நம் பெங்களூர் சாரங்கபாணி ராமன். கடைசி நேரத்தில் பிரான்ஸ் இன்னொன்று போட்டு 2-1 என்று ஜெயித்துவிட்டது. 1952-இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யுகோஸ்லாவியா நம்மை 10-1 என்று துவைத்து எடுத்தது. அந்த அணியில் ஹாஃப்பேக் சண்முகமும் பெங்களூர்க்காரர். "பத்து வாங்கினால் என்ன, நம்ம ஆள் அங்கே நின்றானே!" என்பார் அப்பா. எனக்கு அப்போது இதெல்லாம் காதில் ஏறவில்லை. சாம்பார் சாதத்தில் முருங்கைக்காய் எத்தனை என்று எண்ணிக்கொண்டிருப்பேன்.

தாத்தாவின் ரத்தம் என்னைத் தாண்டிப் பேரனிடம் போய்ச் சேர்ந்துவிட்டது.

அது ஒரு கோடை விடுமுறை. இவனுக்குப் பதினாறு முடிந்திருந்தது. ஒரு நாள் சாயங்காலம் மைதானத்திலிருந்து வந்தவன் கால் கழுவாமல் நேரே சமையலறைக்குள் நுழைந்தான். ஏதோ பெரிய சமாசாரம் என்று நினைத்துக்கொண்டேன்.

"அம்மா, ஐரோப்பாவில ஒரு கிளப்புல என்னை டிரயலுக்குக் கூப்பிடறாங்க. மூணு வாரம். பிடிச்சுப் போனா அங்கேயே வச்சுப்பாங்க."

"யாருடா கூப்பிடறது?"

"பெங்களூர்ல ஒரு ஏஜெண்டு சார். என் ஆட்டத்தோட வீடியோ பார்த்திருக்காரு."

"சரி, அவங்க கூப்பிட்டா அவங்கதானே டிக்கெட் அனுப்புவாங்க?"

அவன் குழாயடிக்குப் போய்க் கால் கழுவ ஆரம்பித்தான். கழுவிக்கொண்டே சொன்னான்: "நாலரை லட்சம் கட்டணும்மா."

என் கணவருக்குத் தொழிற்பேட்டையில் ஷிப்டு உத்தியோகம். அன்றைக்கு ராத்திரி ஷிப்டு. கிளம்பிக்கொண்டிருந்தவர் டிபன் கேரியரைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தார். இருபது வருஷத்தில் அவர் டிபன் கேரியரைக் கீழே வைத்தது அதுதான் முதல் தடவை. ஒன்றும் பேசவில்லை. என் மாமியார்தான் பேசினார். "பிள்ளவாடு, ஆடுகோனீ!" என்றார். 'குழந்தை, ஆடட்டுமே' என்று அர்த்தம். ஆடட்டும், யார் வேண்டாம் என்றது? நாலரை லட்சத்துக்கு வீட்டில் இருந்தது என் இரட்டைவடச் சங்கிலியும் நாலு வளையலும்தான். அவையும் மூத்தவளுக்கென்று எடுத்து வைத்தவை.

"விமல் யோகநாதனைப் பாரும்மா. நம்ம தமிழ்ப் பையன்தானே? அவன் போகலையா?" என்றான் இவன்.

அந்தப் பிள்ளையின் படம் இவன் அறைச் சுவரில் ஒட்டியிருந்தது. சிவப்புச் சட்டை, மெல்லிய உடம்பு. நான் தினம் பெருக்கும்போது பார்த்திருக்கிறேன், யாரென்று கேட்டதில்லை. அன்று ராத்திரியே கேட்டேன். மூத்தவள் கம்ப்யூட்டரில் இங்கிலீஷில் இருப்பதை வாசித்துத் தமிழில் சொல்ல, நான் பீன்ஸ் நறுக்கிக்கொண்டே கேட்பது என்று எங்கள் ஆராய்ச்சி தொடங்கியது. பத்து நாள் நடந்தது. அந்தப் பத்து நாளும் வீட்டில் பீன்ஸ்தான்.

விமல் யோகநாதன் 2006 ஜனவரியில் பிறந்தவன். பெற்றோர் இலங்கைத் தமிழர்கள். வளர்ந்தது பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில், வடக்கே. சின்ன வயதில் லிவர்பூல் கிளப்பின் பயிற்சிப் பள்ளியில் இருந்திருக்கிறான். பிறகு பார்ன்ஸ்லி கிளப்பில் சேர்ந்து, பதின்ம வயதிலேயே தொழில்முறை ஆட்டக்காரனாக ஒப்பந்தமாகி, முதல் அணிக்கும் வந்துவிட்டான். வேல்ஸ் இளைஞர் அணிக்கும் ஆடியிருக்கிறான். ஆடுகிற இடம் நடு. இங்கிலாந்தின் தொழில்முறைக் கால்பந்தில் ஆடிய முதல் தமிழர் என்று பத்திரிகைகள் எழுதின. படித்தபோது, எனக்குப் பழக்கமே இல்லாத அந்தப் பிள்ளைக்காக எனக்கும் தொண்டையை அடைத்தது. என்ன இருந்தாலும் ரத்த பாசம்.

பார்ன்ஸ்லி என்பது யார்க்‌ஷயரில் ஒரு சுரங்க ஊர். நிலக்கரி வெட்டி வாழ்ந்த ஜனங்கள். சுரங்கங்களை எல்லாம் மூடிவிட்டார்கள். கிளப்பை 1887-இல் ஒரு பாதிரியார் ஆரம்பித்தாராம். 1912-இல் அந்நாட்டின் பெரிய கோப்பையை ஜெயித்திருக்கிறார்கள். உச்ச அடுக்கான பிரிமியர் லீகில் ஆடியது ஒரே ஒரு பருவம், 1997-98. இந்தப் பிள்ளை முதல் அணிக்கு வந்தபோது கிளப் மூன்றாம் அடுக்கில் இருந்தது. "ஏண்டி, மூணாம் அடுக்குன்னா மட்டமா?" என்று கேட்டேன். மூத்தவள் கணக்குப் போட்டாள்: மேலே 20 கிளப்புகள், அடுத்த மூன்று அடுக்குகளில் 24, 24, 24. ஆக 92. அந்த 92-இல் ஏதாவது ஒன்றில் ஒரு சட்டை கிடைப்பதற்கு அந்த நாட்டுப் பிள்ளைகளே ஆயிரக்கணக்கில் எட்டு வயதிலிருந்து காத்துக் கிடக்கிறார்கள். எட்டு ஒன்பது வயதிலேயே கிளப்புகள் பொறுக்கி எடுத்துப் பயிற்சி கொடுக்கின்றன. பதினாறு வயதில் இரண்டு வருஷப் பயிற்சி உபகாரம். பதினேழு ஆனால்தான் தொழில்முறை ஒப்பந்தம் போடலாம். ஒவ்வொரு படியிலும் வடிகட்டல். 'உன்னை மேற்கொண்டு வைத்துக்கொள்வதற்கில்லை' என்று சொல்லிப் பெரும்பாலான பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள்.

எனக்கு அந்த அம்மாவை நினைக்கத் தோன்றியது. அவர் யாரோ, எப்படிப்பட்டவரோ. ஆனால் வேல்ஸில் மழையும் குளிரும் எப்படி என்று படித்தேன். பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளையை அந்த மழையில் பயிற்சிக்கு யாராவது அழைத்துப் போயிருக்க வேண்டும், இருட்டில் திரும்ப அழைத்து வந்திருக்க வேண்டும், ஈரக் காலுறையைத் துவைத்திருக்க வேண்டும். ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, வருஷக் கணக்கில். முதல் அணிச் சட்டை பேப்பரில் வந்துவிட்டது. காலுறை வராது.

இதிலிருந்து எனக்கு ஒரு விஷயம் பளிச்சென்று தெரிந்தது. அந்தப் பிள்ளை எங்கும் 'போகவில்லை'. அங்கேயே பிறந்தவன். அவனுக்கு முன்னால் அவனைப் பெற்றவர்கள் போய்விட்டார்கள், போக நேர்ந்தது. என் பிள்ளை ஓசூரிலிருந்து கிளம்பிப் போக வேண்டும். இரண்டும் ஒன்றல்ல. அப்படிக் கிளம்புகிற பிள்ளைக்குச் சட்டம் என்ன சொல்கிறது?

இங்கேதான் அந்த 19-வது விதி வருகிறது. பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளையை ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக் கிளப் பதிவு செய்துகொள்ளக் கூடாது. விதிவிலக்குகள் சில உண்டு. பெற்றோர் கால்பந்து சம்பந்தமில்லாத காரணத்துக்காக அந்த நாட்டுக்குக் குடிபோனால் சரி. ஐரோப்பாவுக்குள்ளேயே பதினாறு ஆனவர்களுக்குச் சலுகை. இன்னொன்று வேடிக்கையானது. பிள்ளையின் வீடு நாட்டு எல்லையிலிருந்து 50 கிலோமீட்டருக்குள், கிளப்பும் அந்த எல்லைக்கு அந்தப் பக்கம் 50 கிலோமீட்டருக்குள், இரண்டுக்கும் நடுவே 100 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது, பிள்ளை ராத்திரி வீட்டுக்கு வந்து படுக்க வேண்டும், அப்படியானால் அனுமதி. ஓசூரைப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதினார்களோ என்று நானும் மூத்தவளும் சிரித்தோம். பெங்களூர் நமக்கு நாற்பது கிலோமீட்டர். கர்நாடகம் தனி நாடாக இருந்தால்கூட இவன் காலையில் போய் ராத்திரி வந்துவிடலாம்!

விதி வெறும் காகிதத்தில் இருப்பதல்ல. ஜப்பானில் டகேஃபுசா குபோ என்று ஒரு பிள்ளை. 2011-இல், பத்து வயதில், ஸ்பெயின் நாட்டுப் பார்சிலோனா கிளப்பே தன் பயிற்சிப் பள்ளியில் சேர்த்துக்கொண்டது. அதைவிடப் பெரிய அதிர்ஷ்டம் ஒரு குழந்தைக்கு உண்டா? ஆனால் இப்படி வெளிநாட்டுச் சிறுவர்களைச் சேர்த்ததற்காகப் பார்சிலோனாவுக்கு 2014-இல் தண்டனை விதித்தார்கள். அந்தக் கிளப் ஒரு வருஷம் புது ஆட்டக்காரரையே சேர்க்கக் கூடாது என்று. குபோ ஆட முடியாமல் போய், 2015-இல் ஜப்பானுக்கே திரும்பினான். நாலு வருஷம் சொந்த ஊரில் ஆடினான். 2019 ஜூனில் பதினெட்டு நிறைந்தது. அந்த மாதமே ரியல் மாட்ரிட் அழைத்துக்கொண்டது. நம் நாட்டுச் சுனில் சேத்ரியை 2009-இல் லண்டன் கிளப் ஒன்று ஒப்பந்தம் செய்தது. அவருக்கு வயது பிரச்சினையில்லை. இந்தியா உலக வரிசையில் முதல் எழுபது இடத்துக்குள் இல்லை என்று பிரிட்டிஷ் சர்க்கார் வேலை அனுமதியே தரவில்லை. இவ்வளவு பேருக்குப் பூட்டிய கதவு, பெங்களூரில் மாடியறை வைத்திருக்கும் ஒருவர் தள்ளினால் திறந்துகொள்ளுமா?

திறக்குமோ என்னவோ, போய்த்தான் பார்ப்போமே என்று நானும் மூத்தவளும் இவனை அழைத்துக்கொண்டு பஸ் ஏறினோம்.

மருந்துக் கடைக்கு மேலே ஒரு அறை. சுவர் முழுதும் உலகப் புகழ் ஆட்டக்காரர்களின் படங்கள். எல்லாப் படத்திலும் அவர்கள் மட்டும் இருந்தார்கள். இந்த மனிதர் ஒன்றில்கூட இல்லை. மரியாதையாகத்தான் பேசினார். காபி வரவழைத்தார்.

"பதினாறு வயசுப் பிள்ளையை எந்தக் கிளப்புங்க பதிவு செய்யும்?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் நாங்க பார்த்துக்கறோம்மா."

"என்ன விசா?"

"முதல்ல சுற்றுலா விசா. அங்கே போனதும் மாத்திக்கலாம்."

"ஏஜெண்டுகளுக்கு 2023-லேருந்து மறுபடியும் பரீட்சை வச்சு உரிமம் தர்றாங்களாமே. உங்க உரிமத்தைப் பார்க்கலாமா?"

அவர் என்னைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தார். புடவைத் தலைப்பில் கறிவேப்பிலை ஏதாவது ஒட்டிக்கொண்டிருந்ததோ என்னவோ. "என் பார்ட்னருக்கு இருக்கும்மா. அவர் துபாயில் இருக்கார்" என்றார்.

கிளப்பிலிருந்து வந்த கடிதம் என்று ஒன்றைக் காட்டினார். வழவழப்பான காகிதம், மேலே சின்னம். மூத்தவள் அடியில் இருந்த மின்னஞ்சல் முகவரியை விரலால் தொட்டுக் காட்டினாள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எல்லாரும் காசில்லாமல் வைத்துக்கொள்கிற முகவரி. எழுந்து வந்துவிட்டோம். காபி நன்றாக இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

திரும்பும்போது இவன் ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டே வந்தான். அத்திப்பள்ளியில் பஸ் நின்றபோதுதான் வாயைத் திறந்தான்.

"நீ அங்கே விசாரிக்கப் போகலைம்மா. வேண்டாம்னு சொல்றதுக்குத்தான் போனே."

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. நீங்களும் தாயார்தான், உங்களிடம் மறைப்பானேன்? அவன் சொன்னதில் பாதி வாஸ்தவம். அந்த மனிதர் யோக்கியராகவே இருந்திருந்தாலும் வேறு ஒரு காரணத்தைத் தேடியிருப்பேன் என்றுதான் தோன்றுகிறது. பதினாறு வயதுப் பிள்ளையைத் தனியே விமானம் ஏற்ற எனக்கு மனசில்லை. விதி என் கட்சியில் இருந்தது என் அதிர்ஷ்டம்.

பதினோரு நாள் அவன் என்னோடு பேசவில்லை. சாப்பிட்டான், தட்டைக் கழுவி வைத்தான், போனான். சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை. அந்தச் சமயத்தில்தான் எங்கள் பக்கத்துப் பையன் ஒருவனின் கதையும் தெரிய வந்தது. அவனும் இதே மாதிரி இன்னொருவர் மூலம், அப்பாவின் ஆட்டோவை விற்றுப் பணம் கட்டிப் போனவன். போன இடத்தில் கிளப்பும் இல்லை, மைதானமும் இல்லை. ஒரு பொதுப் பூங்காவில் பத்துப் பதினைந்து தேசத்துப் பிள்ளைகளோடு மூன்று வாரம் ஓடவிட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவன் அப்பா இப்போது வாடகை ஆட்டோ ஓட்டுகிறார். இதை நான் சொன்னபோது, பேசாதிருந்தவன் ஒரே வார்த்தை பேசினான். "அவனாவது பனியைப் பார்த்தான்."

அந்தப் பேச்சு இன்றும் என்னைக் குத்துகிறது.

மௌனத்தை உடைத்தவர் என் மாமியார். "அவ்வாகிட்ட சொல்லுடா, நம்ம தெலுங்குக்காரன் யாராவது பந்து ஆடினானா?" என்று கேட்டார். அவன் மடமடவென்று சொல்ல ஆரம்பித்தான். விகாஷ் டொராசூ என்று ஒருவர்; 1973-இல் பிரான்ஸில் பிறந்தவர். முன்னோர் ஆந்திரத்திலிருந்து மொரீஷியஸுக்குப் போன தெலுங்கு வம்சம். குள்ளமான ஆள், நடு ஆட்டக்காரர். 1993-இல் லே ஆவ்ர் துறைமுக ஊர்க் கிளப்பில் தொடங்கி, லியோன், மிலான், பாரிஸ் என்று ஆடினார். 2006 ஏப்ரலில் பிரான்ஸ் கோப்பை இறுதி ஆட்டத்தில் பாரிஸுக்கு வெற்றி கோல் போட்டார். அந்த வருஷமே உலகக் கோப்பைக்குப் பிரான்ஸ் அணியில் போனார். இந்திய வம்சத்தில் முதல் ஆள்.

"ஆடினானா?" என்றார் மாமியார்.

"ரெண்டு ஆட்டத்துல கடைசியில சில நிமிஷம், அவ்வா. மத்த அஞ்சு ஆட்டமும் பெஞ்சுல. அவங்க டீம் ஃபைனல் வரைக்கும் போச்சு. இவரு சின்ன கேமரா ஒண்ணு வச்சுகிட்டு ஹோட்டல் ரூம்ல தன்னைத்தானே படம் எடுத்தாரு. பின்னால சினிமாவா வந்தது."

மாமியார் கொஞ்ச நேரம் யோசித்தார். "பாவம். அவ்வளவு தூரம் போயி உட்கார்ந்திருந்தானா? அவங்க அம்மா என்ன நினைச்சாளோ" என்றார். இவன் சிரித்துவிட்டான். சிரித்தபோது என் பக்கமும் பார்த்தான். அன்றைக்குத்தான் பீன்ஸை நிறுத்திவிட்டு உருளைக்கிழங்கு வறுவல் செய்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கிருஷ்ணகிரியில் இவனுக்கு ஓர் ஆட்டம். "நானும் வரேன்" என்றேன். அவன் வேண்டாம் என்று சொல்லவில்லை. இத்தனை வருஷத்தில் முழு ஆட்டத்தை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. பந்தைப் பார்க்காமல் என் பிள்ளையை மட்டும் பார்ப்பது என்று தீர்மானம் செய்துகொண்டு, கல் மேடையில் குடை பிடித்து உட்கார்ந்தேன்.

முதல் கால் மணி நேரம் எனக்கு ஏமாற்றம்தான். பந்து இவனிடம் வரவேயில்லை. வந்தாலும் ஒரு தட்டுத் தட்டி யாரிடமாவது கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுகிறான். பிறகுதான் கவனித்தேன். பந்து வருவதற்கு முன்னால் இவன் தலை திரும்பிக்கொண்டே இருக்கிறது. இடது தோளுக்கு மேலே ஒரு பார்வை, வலது தோளுக்கு மேலே ஒரு பார்வை. பந்து எங்கோ இருக்க, இவன் பின்னால் யார் வருகிறார்கள் என்று பார்க்கிறான். பந்து காலுக்கு வரும்போது அதை எங்கே அனுப்புவது என்று முன்பே முடிவாகிவிட்டிருக்கிறது. வீட்டுக்கு வந்து மூத்தவளிடம் சொன்னேன். அவள் தேடிப் பார்த்துவிட்டு, நார்வேயில் கெய்ர் யோர்டெட் என்ற பேராசிரியர் இதையே வருஷக் கணக்கில் ஆராய்ச்சி செய்திருக்கிறார் என்றாள். தலையைத் திருப்பிப் பார்ப்பதை ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் எண்ணிக் கணக்கெடுத்தாராம். அதிகமாகத் திரும்பிப் பார்ப்பவர்களின் பந்துதான் தவறாமல் போய்ச் சேருகிறதாம். இங்கிலாந்தின் ஃபிராங்க் லாம்பார்டு என்ற நடு ஆட்டக்காரர் அந்தக் கணக்கில் உயரத்தில் இருந்தார்.

அடுப்பில் பால், தொட்டிலில் குழந்தை, வாசலில் காய்கறிக்காரர், உள்ளே மாமனாருக்கு மாத்திரை வேளை. நாம் கழுத்தைத் திருப்பிய கணக்கை எந்தப் பேராசிரியர் எடுத்தார்? இருக்கட்டும்.

அன்று இரண்டாம் பாதியில் ஒரு கோல் விழுந்தது. இவன் போடவில்லை. போட்டவனுக்குக் கொடுத்தவனும் இவனில்லை. கொடுத்தவனிடம் பந்து வந்த வழியைப் பார்த்தால், இரண்டு பேரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு சடக்கென்று திரும்பிப் பந்தை விட்டது இவன். மைதானத்தில் எல்லாரும் கோல் போட்ட பையனைத் தூக்கிக்கொண்டார்கள். நான் மட்டும் குடையை மடக்கிவிட்டு எழுந்து நின்று கைதட்டினேன். என் பக்கத்தில் இருந்த ஒரு பெரியவர், "யாரம்மா, கோல் போட்ட பையனோட அம்மாவா?" என்றார். "இல்லைங்க, அதுக்கு முந்தின முந்தின பையன்" என்றேன்.

அன்று ராத்திரி நாங்கள் இரண்டு பேரும் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தோம். பதினெட்டு வரைக்கும் விதி. அதற்கப்புறம் நான் குறுக்கே நிற்பதில்லை. அதுவரை எல்லைக்கு அந்தப் பக்கம், நாற்பது கிலோமீட்டர். பெங்களூரில் ஒரு கிளப்பின் இளைஞர் அணியில் தேர்வுக்குப் போனான். முதல் தடவை எடுக்கவில்லை. நாலு மாதம் கழித்து மறுபடியும் போனான், எடுத்தார்கள். கட்டிய பணம் பஸ் சார்ஜ் மட்டும். வாரத்தில் மூன்று நாள் விடியற்காலை நாலே முக்கால் பஸ். தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜியும் ஓசூரில் படித்துவிட்டுப் பெங்களூருக்குத்தான் மேல்படிப்புக்குப் போனார் என்று என் கணவர் சொல்லிக்கொள்கிறார். ராஜாஜிக்கும் கால்பந்துக்கும் என்ன சம்பந்தம் என்று நான் கேட்பதில்லை. மனிதர் சந்தோஷமாக இருக்கிறார், இருக்கட்டும்.

படிப்பும் நடக்கிறது. இயற்பியலில் மார்க்கு குறைந்திருக்கிறது. அதைப் பற்றித் தனியே ஒரு கட்டுரை எழுதலாம்.

பதினெட்டு நிறைய இன்னும் சில மாதங்கள் இருக்கின்றன. பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டிருக்கிறான், தன் பணத்தில். விசாரணைக்குப் போலீஸ்காரர் வந்தபோது, "எந்த நாட்டுக்குத் தம்பி?" என்று கேட்டார். "இன்னும் தெரியலை சார்" என்றான் இவன். அவர் சிரித்துக்கொண்டே கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இரட்டைவடச் சங்கிலி இன்னும் பீரோவில்தான் இருக்கிறது. மூத்தவள் ஒரு நாள் தானாகவே, "எனக்குக் கவரிங் போதும்மா" என்றாள். அதற்கு நான் என்ன சொல்ல? பீரோவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன்.

இன்று காலையும் பஸ் நிலையம் வரைக்கும் கூடப் போனேன். சந்திரசூடேஸ்வரர் மலை மேல் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. இந்த மார்கழியில் குளிர் கொஞ்சம் மிச்சமிருக்கிறது. வாயைத் திறந்தால் புகை வருகிறது. புளியோதரைப் பொட்டலத்தையும் வெந்நீர் பாட்டிலையும் கொடுத்தேன். பஸ் வந்து நின்றது. படியில் கால் வைக்குமுன் இவன் பழக்கதோஷத்தில் இடது தோளுக்கு மேலே ஒரு தரம், வலது தோளுக்கு மேலே ஒரு தரம் திரும்பிப் பார்த்தான். வலப் பக்கம் நான் நின்றிருந்தேன். என்னைத்தான் பார்த்தானா, எனக்குப் பின்னால் வந்த லாரியைப் பார்த்தானா என்று தெரியவில்லை. ராத்திரி வந்தால் கேட்க வேண்டும்.